ஆறு இனங்கள் கொண்ட ஒரு குடும்பம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் ஒரு வைத்தியரை ஏற்றினால் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று ஆரம்பித்துவிடுவார் என்ற பயம் உங்கள் முகங்களில் தெரிகிறது. பயப்பட வேண்டாம். தேநீரோடு வந்த கேக் துண்டை நிம்மதியாகச் சாப்பிடுங்கள். இன்று நாம் பேசப்போவது ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் நீளமே உள்ள ஒரு பூச்சியைப் பற்றி. ஆங்கிலத்தில் அதற்குத் திரிப்ஸ் என்று பெயர். ஒன்றானாலும் திரிப்ஸ், ஆயிரமானாலும் திரிப்ஸ். நம் பக்கத்து விவசாயிகள் பனிப்பூச்சி என்பார்கள். தமிழ்நாட்டில் இலைப்பேன் என்பார்கள்.

வைத்தியர்களுக்கும் பனிப்பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தத்தை ஏற்படுத்தியவர் ஒரு பாட்டி.

சில வருடங்களுக்கு முன், ஊவாக் காற்று சுழற்றி அடிக்கும் ஓகஸ்ட் மாதத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவரை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் வடிகிறது, கண்மணி ஊசி முனையளவு சுருங்கியிருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் எந்த வைத்தியரும் இரண்டாவது தடவை யோசிக்க மாட்டார். ஒர்கனோபொஸ்பேற்று நஞ்சு. அற்றோப்பின் ஏற்றினோம். மூன்று நாள் கண்விழித்தோம். பாட்டி பிழைத்தார்.

நான்காம் நாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் விசாரித்தோம். லயத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. அதில் கொச்சிக்காய்ச் செடி.

"சுருட்ட விழுந்துருச்சுங்க டொக்டரம்மா. எல பூரா சுருண்டுருச்சு. பனிப்பூச்சின்னு சொன்னாங்க. பக்கத்து லயத்துல ஒரு போத்தல் இருந்துச்சு, அதான் அடிச்சேன்."

போத்தலில் லேபல் கிழிந்திருந்தது. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்று சொல்ல ஆளில்லை. காற்றுக்கு எதிரே நின்று அடித்திருக்கிறார். முகத்தில் ஒரு சேலைத் துண்டுகூட இல்லை.

அவருடைய பேத்தி அப்போது நம் பாடசாலையில் உயர்தர உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் பாட்டியைப் பார்க்க வந்தபோது, ஒரு பழைய கடித உறைக்குள் சுருண்ட இலைகளோடு ஒரு கிளையைக் கொண்டு வந்தாள். "டொக்டர், இந்த இலை கீழ்ப்பக்கமாச் சுருண்டிருக்கு. பனிப்பூச்சின்னா மேல்பக்கமாச் சுருளணும்னு எங்க டீச்சர் சொன்னாங்க" என்றாள். ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. அங்கே ஊர்ந்துகொண்டிருந்தவற்றுக்கு எட்டுக் கால்கள். பூச்சிக்கு ஆறு கால்கள்தான். எட்டுக் கால் என்றால் அது சிற்றுண்ணி, சிலந்திக்கு உறவு. பூச்சி என்ற வகுப்பிலேயே அது சேராது. பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பல சிற்றுண்ணியை ஒன்றும் செய்யா. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளை மட்டும் கொன்றுவிட்டுப் போகும்.

யோசித்துப் பாருங்கள். செடிக்குப் பிரயோசனமில்லாத மருந்து. அதை அடித்ததால் ஒரு உயிர் போகப் பார்த்தது. கால்களை எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

நாங்களும் தொழிலில் இதே பிழையைச் செய்கிறவர்கள்தான். காய்ச்சல் என்று வந்தால் முதலில் மனதில் விழும் பெயரை எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறோம். எழுதிய பெயர் கோப்பில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வைத்தியர் நோயாளியைப் பார்க்குமுன் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார். அந்தப் பேத்தி கொண்டுவந்த இலைக்குப் பிறகுதான், வகைப்படுத்தல் என்பது பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறக்கும் விடயம் அல்ல என்று எங்களுக்கு உறைத்தது. அதனால் பழைய பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தோம்.

அந்தப் பாடம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆய்வுகூடத்தில் துணி உறை போட்டு மூடிய ஒரே ஒரு நுணுக்குக்காட்டி. கரும்பலகையில் ஆசிரியை எழுதினார்: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். வருணத்துக்குக் கீழே சாதி என்று வந்ததும் பின்வரிசையில் சிரிப்பு. "டீச்சர், பூச்சிக்குமா சாதி?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. "பூச்சிக்குத் தன் சாதி தெரியாது பிள்ளை. எழுதுறது நாங்கதான். பிழையா எழுதினா அழிச்சு எழுதலாம்" என்றார். அன்று அதையும் நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

இப்போது அந்த வரிசையிலேயே பனிப்பூச்சியை இறக்கிப் பார்ப்போம். 1758இல் லின்னேயஸ் இவற்றுக்குத் திரிப்ஸ் என்று பெயரிட்டார். 1836இல் அயர்லாந்துக்காரரான ஹாலிடே இவற்றைத் தனி வருணமாக்கித் தைசனோப்டெரா என்றார். கிரேக்கத்தில் குஞ்சம் வைத்த இறகு என்று பொருள். ஒல்லியான இறகின் இரு கரையிலும், சேலைத் தலைப்பில் குஞ்சம் கட்டியதுபோல் நீண்ட மயிர்கள். வாயமைப்பு இன்னும் வேடிக்கை. இடது பக்கத் தாடை மட்டுமே வளரும், வலது பக்கத் தாடை முட்டைக்குள்ளேயே கரைந்துவிடும். மிச்சமுள்ள அந்த ஒற்றை ஊசியால் துளையிட்டுச் சாற்றை உறிஞ்சும்.

இதுவரை பெயர் பெற்ற இனங்கள் 6,000க்கு மேல். அவற்றில் பயிரைக் கடுமையாகக் கெடுப்பவை நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான். மற்றவை பூவில் மகரந்தம் உண்ணும், காய்ந்த சுள்ளியில் பூஞ்சணம் உண்ணும். சில வகைகள் மற்றச் சிறு பூச்சிகளையும் சிற்றுண்ணிகளையும் பிடித்துத் தின்னும். இவை நமக்கு நண்பர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே போத்தலைத் திறப்பவர் நண்பனையும் சேர்த்துக் கொல்கிறார்.

வருணத்தை முதலில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பிரிவில் பெண் பூச்சிக்கு வயிற்று நுனியில் வாள் போன்ற உறுப்பு உண்டு. இலையைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். மற்றப் பிரிவில் வயிற்று நுனி ஒரு குழாய். முட்டையை வெளியே வைக்கும். குழாய்ப் பிரிவில் ஒரே குடும்பம், ஆனால் எல்லாவற்றிலும் பெரியது, ஏறத்தாழ 3,500 இனங்கள். வாள் பிரிவில் எட்டுக் குடும்பங்கள். அவற்றுள் திரிப்பிடே என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் சுமார் 2,000 இனங்கள். நம் கொச்சிக்காயைச் சுருட்டும் பனிப்பூச்சி அதைச் சேர்ந்தது. 1919இல் ஹூட் என்ற அமெரிக்கர், கோயம்புத்தூரிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து அதற்கு ஸ்கேர்ட்டோதிரிப்ஸ் டோர்சாலிஸ் என்று பெயரிட்டார். அது தேயிலைக் கொழுந்தையும் விடாது. மஞ்சள் தேயிலைத் திரிப்ஸ் என்று இன்னொரு பெயரும் அதற்கு உண்டு.

மீதி ஏழும் சிறிய குடும்பங்கள். மிகச் சிறியதான உசெலோதிரிப்பிடேயில் இன்று வாழும் இனம் ஒன்றே ஒன்று. ஒரே ஒரு ஆள் இருக்கும் வீட்டுக்கும் தனிக் குடும்ப அட்டை கொடுப்பது போலத்தான். ஒன்றுதானே, பக்கத்து வீட்டு அட்டையில் எழுதிவிடுவோம் என்று வகைப்படுத்துபவர்கள் செய்யவில்லை. உறுப்புகளைப் பார்த்தார்கள், வேறு வீட்டோடு ஒட்டவில்லை, தனியாக எழுதினார்கள்.

எந்த உறுப்பைப் பார்க்கிறார்கள்? முக்கியமாக உணர்கொம்பின் மூன்றாம், நான்காம் கணுக்களை. அங்கே மணமறியும் நுண்ணுறுப்புகள் உண்டு. ஒரு குடும்பத்தில் அது மெல்லிய முள்ளாக, சில சமயம் கவராக நிற்கும். இன்னொன்றில் கணுவின் நீளத்துக்குத் தட்டையான கோடாகக் கிடக்கும். வேறொன்றில் அடி அகன்ற கூம்பாக இருக்கும். ஒரு மில்லிமீற்றர் பூச்சியின் கொம்பில், அதிலும் மூன்றாம் கணுவில், அதிலும் ஒரு கூம்பு! நாடியில் விரல் வைத்துக் கண்ணை மூடும் பழைய வைத்தியரின் பொறுமை இதற்கு வேண்டும்.

அந்தக் கூம்புக்காரக் குடும்பத்தின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தோம். அதன் பெயர் ஸ்டெனுரோதிரிப்பிடே. இன்று வாழும் இனங்கள் ஆறு, சாதிகள் மூன்று.

இந்தக் குடும்பம் இரண்டு தடவை பிறந்தது. முதலில் இங்கிலாந்தைச் சேர்ந்த பக்னல், பால்டிக் கடற்கரை அம்பருக்குள் சிறைப்பட்ட ஒரு பனிப்பூச்சியைப் பார்த்தார். அம்பர் என்பது மரப்பிசின் இறுகிக் கல்லானது. அந்தப் பிசின் வடிந்து ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகள் ஆகின்றன. 1923இல் அந்தச் செத்த பூச்சிக்காக அவர் ஸ்டெனுரோதிரிப்பிடே என்ற குடும்பத்தை எழுதினார். அழிந்துபோன குடும்பம் என்று அது ஏட்டில் கிடந்தது.

ஐந்து வருடம் கழித்து, 1928இல், கோயம்புத்தூரில் பணியாற்றிய பூச்சியியலாளர் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் இந்தியாவில் உயிரோடு வாழும் ஒரு பனிப்பூச்சியை விவரித்தார். அவர் வைத்த பெயர் ஆதிஹெட்டரோதிரிப்ஸ் ஜம்புத்வீப்பே. ஜம்புத்வீபம் என்றால் நம் பழைய தமிழில் நாவலந்தீவு. இலத்தீன் பெயர்கள் நிறைந்த ஏட்டில் நம் பக்கத்துச் சொல்லொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. 1946இல் ஷம்ஷேர் சிங் என்ற இன்னொரு இந்திய அறிஞர் இந்தப் பூச்சியின் பெயரிலேயே ஒரு தனிக் கூட்டம் அமைத்தார். பிறகு அது ஆதிஹெட்டரோதிரிப்பிடே என்ற குடும்பமாக ஏற்கப்பட்டது. பேரீச்சை, ஈச்சை மரங்களின் பூக்களில் வாழும் ஹோலார்த்ரோதிரிப்ஸ் என்ற சாதியும் அதில் சேர்ந்தது. அந்தச் சாதியின் இந்திய இனம் ஒன்றுக்குப் பெயரிட்டவர்களில் ஒருவர், சென்னை லொயோலா கல்லூரியில் நீண்ட காலம் பனிப்பூச்சிகளைப் படித்த பேராசிரியர் டி. என். அனந்தகிருஷ்ணன். மற்றவர் டெல்லியின் ஜே. எஸ். பாட்டி.

அதே பாட்டி 2006இல் வாள் பிரிவுக் குடும்பங்கள் எல்லாவற்றையும் மறுபடி பரிசீலித்தார். அம்பருக்குள் செத்துக் கிடந்ததும் நாவலந்தீவில் உயிரோடு பூவில் திரிந்ததும் ஒரே குடும்பம் என்று எழுதினார். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெயர் இருக்க முடியாது. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதியின்படி முந்திய பெயருக்கே உரிமை. 1923 முந்தியது, 1946 பிந்தியது. எனவே ஆதிஹெட்டரோதிரிப்பிடே என்ற குடும்பப் பெயர் ஏட்டிலிருந்து இறங்கியது. நமக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ராமகிருஷ்ண ஐயர் வைத்த சாதிப் பெயரும் இனப் பெயரும் அப்படியே நிற்கின்றன. அழிந்துபோனது என்று எழுதப்பட்ட குடும்பமோ உயிரோடு எழுந்துவிட்டது.

இதில் எங்களுக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. பக்னல் தன் முன்னே இருந்ததைப் பார்த்து எழுதினார். ராமகிருஷ்ண ஐயரும் அப்படியே. பின்னால் வந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்தினார். பாட்டி சொன்ன எல்லாவற்றையும் மற்றவர்கள் ஏற்கவும் இல்லை. வாள் பிரிவும் குழாய்ப் பிரிவும் வெவ்வேறு வருணங்கள் என்றார் அவர். பெரும்பாலோர் இன்னும் ஒரே வருணமாகவே வைத்திருக்கிறார்கள். விவாதம் நடக்கிறது. கொச்சிக்காய்ப் பனிப்பூச்சியையே 2015இல் மரபணு மூலம் ஆராய்ந்தவர்கள், வெளித் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் குறைந்தது ஒன்பது இனங்கள் அந்த ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன என்று கண்டார்கள். ஏடு மூடப்படவில்லை. எங்கள் ஆசிரியை சொன்ன "அழிச்சு எழுதலாம்" இதுதான்.

சகோதரிகளே, வகைப்படுத்தல் உயிரைக் காப்பாற்றியதையும் எங்கள் வாட்டுகளில் கண்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் பீடைநாசினிகளை நச்சின் கடுமைப்படி வகுத்திருக்கிறது. அதில் மிகக் கொடிய முதலாம் வகுப்பு மருந்துகளை இலங்கை 1995இல் தடை செய்தது. 1998இல் எண்டோசல்பானைத் தடை செய்தது. 2008 தொடக்கம் 2011 வரை பரகுவற், டைமெதோயேற், பென்தியோன் ஆகியவற்றை நிறுத்தியது. நஞ்சினால் ஏற்பட்ட மரணங்கள் அதன் பின் வெகுவாகக் குறைந்தன. எது எந்த வகுப்பு என்று பொறுமையாகப் பிரித்து எழுதியவர்களால் பல ஆயிரம் வீடுகளில் விளக்கு அணையாமல் நின்றது.

பார்க்காமல் எழுதிய வகைப்படுத்தல் என்ன செய்யும் என்பதும் நமக்குத் தெரியும். அதற்குப் புத்தகம் தேவையில்லை, நம் பாட்டிமார் போதும். 1911 குடிசன மதிப்பீட்டில் நம்மவர்களுக்கு "இந்தியத் தமிழர்" என்று தனித் தலைப்புப் போட்டார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணில் பிறந்து இந்த மலையில் கொழுந்து பறித்தவர்களை நாடற்றவர் என்ற பெட்டிக்குள் போட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தலைகளை எண்ணிப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம். எங்களுடைய வகுப்புப் படங்களில் இல்லாத முகங்கள் எத்தனை! அவர்களின் குடும்பங்கள் நாம் பிறக்குமுன்பே தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்தான் எஞ்சியிருந்தவர்களின் பெயர் ஏட்டில் சரியாக ஏறியது. ஐம்பத்தைந்து வருடம்.

பூச்சியையும் மனிதரையும் ஒப்பிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பூச்சிக்குக் கொடுத்த மரியாதையாவது மனிதருக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறோம். ஆறே இனங்கள் உள்ள ஒரு குடும்பத்தை, அதன் கொம்பின் மூன்றாம் கணு வரை உற்றுப் பார்த்து, "இது தனி, இதை வேறெதிலும் கரைக்கக் கூடாது" என்று ஏற்றுக்கொண்டார்கள். பிழை என்று கண்டதும் திருத்தினார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஆய்வுகூடத்தில் இன்றும் பிள்ளைகள் நுணுக்குக்காட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்று பெரிய விலையில்லை. ஒவ்வொரு வகுப்புத் தோழியர் குழுவும் சேர்ந்து பத்துக் கைவில்லைகள் வாங்கிக் கொடுத்தால், உயிரியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒன்று தொங்கும். முடிந்த குழுக்கள் சேர்ந்து இன்னொரு நுணுக்குக்காட்டியும் வாங்கலாம்.

பார்க்கும் முறை சுலபம். வெள்ளைத் தாள் ஒன்றைப் பூவுக்கோ இலைக்கோ கீழே பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்து கோடு போல ஓடுவதைக் கைவில்லையால் பாருங்கள். கால்களை எண்ணுங்கள். ஆறா, எட்டா? குஞ்சம் வைத்த இறகு உண்டா? அதன் பிறகு மருந்துக் கடைக்குப் போவதா, விவசாயப் போதனாசிரியரிடம் போவதா, சும்மா விடுவதா என்று முடிவெடுங்கள். நம் தீவிலும் ஈச்சை வளர்கிறது. அது பூக்கும் காலத்தில் நம் பிள்ளைகள் யாராவது அதன் பூங்கொத்தையும் ஒரு முறை தட்டிப் பார்க்கட்டும்.

அந்தப் பாட்டி இப்போதும் கிளினிக்குக்கு வருகிறார். போன முறை ஒரு பையில் கொச்சிக்காய் கொண்டு வந்தார். "மருந்தே அடிக்கலங்க. பேத்தி சொன்ன மாதிரி சுருண்ட நுனிய ஒடிச்சு எரிச்சேன், தண்ணி ஊத்துனேன், தன்னால துளிர்த்துருச்சு" என்றார். அந்தப் பேத்தி இன்று பல்கலைக்கழகத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கிறாள்.

அடுத்த நூறு ஆண்டு விழாவில் இந்த மேடையில் நாம் யாரும் இருக்க மாட்டோம். ஒரு வெள்ளைத் தாளும் ஒரு கைவில்லையும், பெயர் எழுதுமுன் உற்றுப் பார்க்கும் பழக்கமும் இங்கே இருக்கட்டும்.